ஆட்டத்தைக் குலைப்போனும் குழுவின் கடமையும்

மக்கள் உழைக்குமிடத்தினும் விளையாடுமிடத்திலேயே தம் உண்மையியல்பினை மிகுதியும் வெளிப்படுத்துகின்றனர். உழைக்குமிடத்து மேற்பார்ப்போர் உளர், கூலி உண்டு, அச்சமும் உண்டு. விளையாடுமிடத்தோ இவற்றுள் ஒன்றும் இல்லை. ஒவ்வொருவனும் தானே விரும்பி வருகின்றான். விருப்பம் நீங்கியவிடத்து எழுந்து போதற்கும் உரிமையுடையன். ஆதலின், கூடி விளையாடுமிடத்து ஒருவன் பிறர்க்கு இடையூறு விளைப்பின் அவனை எவ்வாறு நடத்துதல் வேண்டும் என்னும் வினா, பார்வைக்குச் சிறிதாயினும், ஆராயப்புகின் பெரிதாம். அவ்வினாவினை, இக்காலத்து மாணவர் பலர் விரும்பியாடும் ஒருவகை மேசை விளையாட்டினை நிலைக்களனாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அவ்விளையாட்டாவது பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு. நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். அவருள் ஒருவர் நடுவர், ஏனையோர் ஆட்டக்காரர். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு கதைப் பாத்திரத்தைத் தாமே புனைந்துகொள்வர். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் நோய் தீர்க்கும் துறவி, ஒருவர் பூட்டுத் திறப்பதில் வல்ல திருடர். நடுவர் ஓர் இடத்தையும் ஆங்கு நேரும் இடர்களையும் சொற்களால் விரித்துரைத்து, "இனி என்ன செய்கின்றீர்கள்?" என்று வினவுவர். ஆட்டக்காரர் தத்தம் பாத்திரம் செய்வதனைக் கூறுவர். முயற்சி கைகூடுமோ கூடாதோ என்னும் ஐயம் எழுந்தவிடத்துப் பகடை உருட்டித் துணிவர். ஒரு நாளை ஆட்டம் மூன்று நான்கு மணி நேரம் நிகழும். ஒரு கதை முற்றுப்பெறத் திங்கள்கள் பலவும், சிலபோது ஆண்டுகளும் செல்லும். இதன்கண் ஒருவர் மற்றொருவரை வெல்லுதல் என்பது இல்லை. எல்லாருங்கூடி ஒரு கதையை ஆக்குகின்றனர். அஃது எவ்வாறு முடியுமென்பதனை நடுவரும் முன்னறியார். அவ்வறியாமையே இதன் சுவை.

இதன் வரலாற்றினைச் சிறிது அறிதல் எமது ஆராய்ச்சிக்குத் துணைசெய்யும். பிரஷ்ய நாட்டுப் படையதிகாரிகளுக்குப் போர்ப்பயிற்சி அளித்தற்பொருட்டு, ரைஸ்விட்ஸ் என்னும் இளம் அதிகாரி 1824ஆம் ஆண்டில் ஒரு மேசைப்போர் விளையாட்டினை வெளியிட்டார். அதன்கண் இருதிறத்தாரின் கட்டளைகளையும் கேட்டு, விளைவினைக் கணித்துக் கூறுதற்கு நடுவர் ஒருவர் இருந்தனர். 1876ஆம் ஆண்டில் வெர்டி டு வெர்னுவா என்னும் படைத்தலைவர், நுணுக்க விதிகளைக் குறைத்து, பட்டறிவுடைய நடுவரின் தீர்ப்பிற்கே முதலிடம் தரல் வேண்டும் என்று எழுதினார். பின்னர் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், 1969ஆம் ஆண்டில், டேவிட் வெஸ்லி என்பார், படைகளை நடத்துதற்கு மாறாக ஒவ்வோர் ஆட்டக்காரர்க்கும் ஒரு தனி மனிதரின் பாத்திரத்தைக் கொடுத்து ஓர் ஆட்டம் நடத்தினார். அவ்வாட்டத்திற் பங்குகொண்ட டேவ் ஆர்னசன் அம்முறையை மேலும் வளர்த்தார். அவரும், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் ஊரினராகிய கேரி கைகாக்ஸும் சேர்ந்து இயற்றிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974ஆம் ஆண்டில் மூன்று சிறு நூல்களாக ஒரு பெட்டியில் வைத்து விற்கப்பட்டது. முதன்முறை அச்சிட்டவை 1,000 படிகளே. இன்று உலகின் பல பாகங்களிலும் ஆடப்பெறும் பாத்திர விளையாட்டுக்களுக்கெல்லாம் அதுவே வழிகாட்டியாயிற்று.

இவ்வரலாற்றினின்று இரண்டு செய்திகள் விளங்குகின்றன. போர் விளையாட்டில் எதிரி இருந்தான்; எதிரியின் முயற்சியைக் கெடுத்தல் ஆங்கு முறையான தொழில். பாத்திர விளையாட்டில் எதிரி நீங்கினான். எனினும் எதிரியாக நடக்கும் பழக்கம் சிலரைவிட்டு நீங்கிற்றில்லை. இஃது ஒன்று. பழைய நடுவரின் பேரதிகாரம் புதிய விளையாட்டிலும் அப்படியே தங்கிற்று. இது மற்றொன்று. ஆட்டத்தைக் குலைப்போன் முதலாவதனாற் பிறக்கின்றான். அவனைத் திருத்தப்புகுவார் செய்யும் பெரும் பிழை இரண்டாவதனாற் பிறக்கின்றது.

முதற்கண், யாவர் ஆட்டத்தைக் குலைப்போர் அல்லர் என்பதனைத் தெளிதல் வேண்டும். என்னை? மேசையில் எரிச்சலூட்டுவார் எல்லாரும் குலைப்போர் ஆகார். விதிகளை அறியாது ஒவ்வொரு முறையும் வினவும் புதியவர் குலைப்போர் அல்லர், அவர் கற்போர். வாய் திறவாது ஒதுங்கியிருப்பார் குலைப்போர் அல்லர், அவர் நாணமுடையோர். நடுவர் கூறியது விதிக்கு மாறு என்று சுட்டிக்காட்டுவாரும் அதனாலேயே குலைப்போர் ஆகார். பலகால் அவர் கூறுவதே சரியாகவும் இருக்கும். அவர் தடையினை ஒரு நொடியிற் கேட்டு, "இப்போதைக்கு இவ்வாறு கொள்வோம், ஆட்டம் முடிந்தபின் நூலைப் பார்ப்போம்" என்று நடுவர் கூறிவிடின் அச்சிக்கல் அத்துடன் தீரும்.

அன்றியும், சுவை வேறுபாடு என்பதொன்று உண்டு. 1980ஆம் ஆண்டிலேயே கிளென் பிளாகோ என்பார், 'டிஃப்ரண்ட் வேர்ல்ட்ஸ்' என்னும் இதழில், ஆட்டக்காரரின் விருப்பங்களை நான்காக வகுத்துக் காட்டினார். தம் பாத்திரத்தின் ஆற்றலைப் பெருக்குவதில் மகிழ்வார் சிலர். பாத்திரமாகவே பேசி உணர்வதில் மகிழ்வார் சிலர். போர்ச் சூழ்ச்சியில் மகிழ்வார் சிலர். கதை அழகுற வளர்வதில் மகிழ்வார் சிலர். சண்டையை விரும்பும் ஒருவனை, உரையாடலை விரும்பும் நால்வரிடையே அமர்த்திவிட்டு, அவன் பொறுமையிழந்து கதவுகளை உடைக்கின்றான் என்று குறைகூறுதல் நேர்மையன்று. அவன் தீயவன் அல்லன்; இடம் மாறி அமர்ந்தவன். அவனுக்கு ஏற்ற ஒரு பகுதியைக் கதையிற் சேர்த்தலோ, அவனுக்கு ஏற்ற வேறொரு குழுவினைக் காட்டுதலோ தக்க மருந்தாம்.

இனி, குலைப்போன் யாவன்? பிறருடைய இன்பத்தைத் தன் இன்பத்திற்கு விலையாகக் கொடுப்பவனே குலைப்போன். பிறர் பேசும் முறை வந்தபோதெல்லாம் இடைமறித்துத் தானே பேசுகின்றான். தோழர் உறங்கும்போது அவர் பைகளிலிருந்து பொருள் கவர்கின்றான். உடன்படிக்கை பேசச்சென்ற அரசவையில், மூவர் ஒரு மணி நேரம் பேசி முடித்த செய்தியை, அரசன்மீது அம்பெய்து ஒரு நொடியிற் கெடுக்கின்றான். மற்றொருவர் கருதிக் கருதிச் சொல்லும் உருக்கமான மொழிகளை நகையாடுகின்றான். வருவதாகக் கூறி வாராதிருக்கின்றான், வந்தவிடத்தும் கைப்பேசியில் மூழ்கி, தன் முறை வந்தபோது "என்ன நடந்தது?" என்று கேட்கின்றான். ஒருமுறை செய்தலை யாம் பெரிதாகக் கொள்ளோம். களைத்திருத்தல், கவலையுற்றிருத்தல் யாவர்க்கும் இயல்பு. சுட்டிக்காட்டிய பின்னும் மீண்டும் மீண்டும் செய்தலே குலைத்தலாம்.

இத்தகையோனை வினவின், பெரும்பாலும் ஒரே விடையே வரும்: "யான் என் செய்வேன்? என் பாத்திரம் அவ்வாறுதான் செய்யும். அவன் திருடன், திருடாமல் எப்படி இருப்பான்?" கேட்பதற்கு இது கலையுணர்ச்சி போலத் தோன்றும். பாத்திரத்திற்கு உண்மையாய் நடத்தல் நடிகனின் அறமன்றோ என்று பிறரும் மயங்குவர். யாம் இவ்விடையை ஒப்புகின்றிலேம். நாடக நடிகனுக்குப் பாத்திரத்தை ஆசிரியன் கொடுத்தான். இவனுக்குக் கொடுத்தவர் யாவர்? அத்திருடனைப் புனைந்தவன் இவனே. அவன் தோழரிடத்தும் திருடுவான் என்று தீர்மானித்தவனும் இவனே. அந்நியரைக் கொள்ளையிட்டுத் தோழரைக் காக்கும் திருடனைப் புனைதலும் இவனுக்கு எளிதாயிருந்தது. ஆதலின், பாத்திரத்தின்மேற் பழியைச் சுமத்துதல் தன் நிழலின்மேற் பழி சுமத்துதலை ஒக்கும். மேசையிற் செய்யப்படுவன எல்லாம் மேசையைச் சுற்றியிருக்கும் மனிதர் செய்வனவேயன்றிப் பாத்திரங்கள் செய்வன அல்ல.

இவ்வுண்மையைக் குலைப்போன் மறத்தல் வியப்பன்று. அவனைத் திருத்தப்புகும் நடுவரும் மறந்துவிடுதலே இரங்கத்தக்கது. மேற்கூறிய கைகாக்ஸ் என்பார் 1979ஆம் ஆண்டில் நடுவர்க்கென ஒரு பெருநூல் எழுதினார். அதன்கண் தொல்லைதரும் ஆட்டக்காரரைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. ஆடுவதினும் ஆட்டத்தைக் கெடுப்பதிலேயே மகிழ்வார் சிலர் உளர் என்று அவர் ஒப்புகின்றார். அத்தகையோர்க்கு அவர் காட்டும் தண்டனைகள் சுவையானவை: வானினின்று நீல மின்னல் பாய்ந்து தலையில் வீழ்தல்; எதிர்பாராத வகையில் வந்து தாக்கும் பிணப்பூதம்; பாத்திரத்தின் கவர்ச்சிக்குரிய மதிப்பெண்ணில் ஒன்று நிலையாகக் குறைதல். ஆயின் இவற்றை அடிக்கடி செய்ய நேரின் இவை பயன்படவில்லை என்பதே பொருள் என்றும், முடிவான மருந்து அன்னோனைப் பின்வரும் ஆட்டங்களுக்கு அழையாமையே என்றும் அவரே கூறிவிட்டார். நூலின் நகைச்சுவையை நினைவிற்கொண்டார் பலர். அதனை அடுத்து வந்த அறிவுரையை நினைவிற்கொண்டார் சிலரே. இன்றும் பல மேசைகளில் நீல மின்னல் வேறு வேறு வடிவங்களிற் பாய்ந்துகொண்டுதான் இருக்கின்றது.

கதைக்குள் நின்று தண்டித்தல் ஏன் பயன்படாது? நான்கு காரணங்கள் கூறுவோம். முதலாவது, தண்டிக்கப்பட்டவன் அதனைத் தண்டனையென்று அறியான். பகைவர் தன்மீது மட்டும் பாய்கின்றனர் எனின், கதை சூடுபிடித்தது என்று மகிழ்வான். இரண்டாவது, அறிந்துவிட்டனனாயின் அவனுக்கு அஃது ஒரு போட்டியாகின்றது. எல்லாருடைய கண்களும் தன்மீது நிற்றலையே அவன் வேண்டினான். அவ்வேட்கையை நடுவரே நிறைவேற்றிவிடுகின்றார். மூன்றாவது, குற்றமற்ற ஏனையோரின் பொழுது அப்போரிற் கழிகின்றது. நான்காவது காரணமே எல்லாவற்றினும் பெரிது. நடுவர்க்கு அவ்வுலகில் எல்லையற்ற ஆற்றல் உண்டு. மலையை வீழ்த்தலும் கடலை எழுப்புதலும் அவர் ஒரு சொல்லில் அடங்கும். அவ்வாற்றலை அவர் சினத்திற்குக் கருவியாக்கினார் என்பதனை ஒருமுறை கண்டுகொண்டால், அதன்பின் ஒவ்வொருவரும் தமக்கு நேரும் ஒவ்வோர் இடரினையும் ஐயுறுவர். "என் பாத்திரம் இறந்தது பகடையினாலோ, யான் நேற்று மறுத்துப் பேசியதனாலோ?" என்னும் வினா எழுந்துவிடின் ஆட்டத்தின் உயிர் நீங்கிற்று. நீதிபதி தம் கோலைத் தடியாக்கிக்கொள்ளின், அதன்பின் அவர் கூறும் நேரிய தீர்ப்பும் அடியாகவே தோன்றும்.

ஆதலின் எமது முதற் கொள்கை இதுவே: மனிதன் செய்த பிழையை மனிதனிடமே பேசுக, கதைக்கு வெளியே பேசுக.

நிற்க. இக்கொள்கையை யாவரும் ஒப்புவர்; செய்வார்தாம் அரியர். காரணம் நாம் நன்கு அறிந்ததே. நேர்நின்று குறைகூறுதல் நமக்கு நாணமாயிருக்கின்றது. "அவன் நண்பன், அவன் மனம் நோகும், சிறு விளையாட்டுக்காக நட்பைக் கெடுப்பதா? பொறுத்துப்போவோம்" என்று நாலாபுறமும் அறிவுரை எழும். இங்ஙனம் பொறுத்துப்போதலை அருள் என்று பலர் எண்ணுகின்றனர். 2003ஆம் ஆண்டில் அமெரிக்கர் ஒருவர், இத்தகைய குழுக்களிற் காணப்படும் ஐந்து பொய்க்கொள்கைகளை வகுத்து ஒரு கட்டுரை எழுதினார். அவற்றுள் முதலாவது, எவரையும் விலக்குவோர் கொடியோர் என்பது. பள்ளிப்பருவத்திற் பிறரால் ஒதுக்கப்பட்ட நோவினை அறிந்தவர், தாம் ஒருநாளும் ஒருவரையும் ஒதுக்கோம் என்று உறுதிகொள்கின்றனர். அவ்வுறுதியே பின்னர் எல்லார்க்கும் விலங்காகின்றது. அந்நோவினை யாம் இகழ்கின்றிலேம், அது மெய்யானது. ஆயின் அதனாற் பிறந்த முடிபு பிழையானது.

எங்ஙனம் எனின், கூறுவோம். ஐவர் கூடிய மேசையில் ஒருவன் குலைக்கின்றான். நடுவரும் பிறரும் வாளாவிருக்கின்றனர். அவ்விடத்து யாரும் விலக்கப்பட்டிலர் என்று தோன்றும். நான்கு வாரங் கழித்துப் பாருங்கள். மூலையில் அமர்ந்து மெல்லிய குரலிற் பேசும் ஒருவர், தம் பாத்திரத்திற்கு ஒரு பழைய ஊரும், இறந்த தாயும், ஒரு சூளுரையும் எழுதிக்கொண்டு வந்தவர், இப்போது வருவதில்லை. "தேர்வு நெருங்குகின்றது" என்று சொல்லியனுப்பினார். தேர்வு முடிந்தபின்னும் வாரார். அவர் யாரையும் குறைகூறவில்லை. கதவை ஓசையுடன் அடைக்கவில்லை. ஆதலின் அவர் விலக்கப்பட்டார் என்பதே ஒருவர்க்கும் தோன்றவில்லை. உரத்துப் பேசுவோனை விலக்க அஞ்சிய குழு, மெல்லப் பேசுவோரை விலக்கிவிட்டது. விலக்காமை என்பதொன்று அங்கே இருந்ததேயில்லை. யாரை விலக்குவது என்னும் தெரிவே இருந்தது. அத்தெரிவினைச் செய்யாதிருந்ததும் ஒரு தெரிவாயிற்று. அதன் பயனை அனுபவித்தவர் எல்லாருள்ளும் குற்றமற்றவர்.

இதுவே இப்பொருளின் நடுநாடி என்பது எமது துணிபு. பொறுமை சிறந்த பண்பே. ஆயின் ஒருவன் தன் தோள்மீது வைக்கப்பட்ட சுமையைத் தாங்குதலே பொறுமை. பிறன் தோள்மீது வைக்கப்பட்ட சுமையைக் கண்டு, "தாங்குக" என்று கூறிவிட்டுத் தான் நிழலில் நிற்றல் பொறுமையாகாது.

அஃதேல், பேசும் முறை யாது? சினங் கொதிக்கும்போது பேசற்க. ஆட்டத்தின் நடுவே நிலைமை முற்றின், "சிறிது இளைப்பாறுவோம், தேநீர் அருந்துவோம்" என்று நிறுத்துதல் நடுவர்க்கு எளிது. பின்னர், பலர் முன்னிலையில் அன்று, தனித்தே பேசுதல் வேண்டும். பலர் முன்னிலையிற் கூறப்பட்டவன் தன் மானத்தைக் காக்க முயல்வானேயன்றித் தன் செயலை நோக்கான். பேசுமிடத்து, அவன் இயல்பினைப் பழியாது செயலினைச் சுட்டுதல் வேண்டும். "நீ தன்னலமுடையவன்" என்பது பழி. அதற்கு மறுப்பன்றி வேறு விடையில்லை. "சென்ற சனிக்கிழமை அவர் பேசத் தொடங்கியபோதெல்லாம் நீ இடைமறித்தாய்; மூன்றாம் முறைக்குப்பின் அவர் பேசவேயில்லை" என்பது செய்தி; அதனை மறுத்தல் அரிது. பின்னர் வினவுக: "இவ்வாட்டத்தில் நீ வேண்டுவது யாது?" இவ்வினா சடங்கிற்காகக் கேட்பதன்று. பலகால் விடை வியப்பூட்டும். தன் பாத்திரத்திற்குச் செய்ய ஒன்றுமில்லை என்று ஒருவன் சோர்ந்திருப்பான். தான் நகைச்சுவையாற் பிறரை மகிழ்விப்பதாகவே ஒருவன் நம்பியிருப்பான். நம் கூத்தில் வரும் கட்டியங்காரனும் இடையிடையே புகுந்து நகைப்பூட்டுகின்றான். ஆயின் அவன் நகைப்பினாற் கூத்து முன்செல்லுமேயன்றி நின்றுபோவதில்லை. இவ்வேறுபாட்டினைக் காட்டிய அளவில் திருந்துவார் பலராவர் என்பது எமது நம்பிக்கை.

திருந்தானாயின், இரண்டாம் முறை பேசுக. அம்முறை, மீண்டும் நிகழின் வரவேண்டா என்று கூற நேரும் என்பதனையும் ஒளிவின்றிச் சொல்லுக. மூன்றாம் முறை நிகழுமாயின் சொன்னபடி செய்க. ஈண்டு ஓர் இழிந்த வழக்கத்தைக் கண்டித்தல் எம் கடனாகின்றது. சில குழுவினர், குலைப்போனிடம் ஒன்றுங் கூறாது, "ஆட்டத்தை நிறுத்திவிட்டோம்" என்று பொய்யுரைத்து, வேறொரு நாளில் வேறோரிடத்தில் அவனையன்றிக் கூடுகின்றனர். இது நோவினைத் தவிர்ப்பதாகத் தோன்றும். ஒருநாள் அவன் அறிவான். அறியும் நாளில், விலக்கப்பட்ட நோவோடு ஏமாற்றப்பட்ட நோவும் சேர்ந்து வரும். தான் செய்த பிழை யாது என்பதனை மட்டும் அவன் அப்போதும் அறியான். அதே பிழையை அடுத்த குழுவிலும் செய்வான். நேரே கூறி விலக்குதல் அவனுக்கும் ஒரு நன்மையே. எதனால் விலக்கப்பட்டான் என்பதனை அறிந்தவனே திருந்துதற்கு உரியன்.

விலக்கியபின் பகைத்தலும் வேண்டா. நல்ல நண்பராயிருப்பார் எல்லாரும் நல்ல உடனாட்டக்காரராயிருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. ஒரே அறையில் உறங்கும் இருவர் ஒரே பாடற்குழுவிற் பாடுதற்குரியர் ஆவரோ? ஆட்ட மேசையில் இடமில்லாதவர்க்கு உணவு மேசையில் இடமுண்டு. அவ்விடத்தை அவர்க்கு முன்னினும் அன்புடன் கொடுத்தல் மற்றவர் கடமை.

மூன்று முறை பேசுக என்ற இவ்வொழுங்கிற்கு ஒரு விலக்கு உண்டு. பாத்திரத்தின் போர்வையில் மற்றோர் ஆட்டக்காரரை இழிவுபடுத்துதல், ஒருவர் சாதியையோ நிறத்தையோ உடற்குறையையோ நகையாடுதல், மகளிர் ஏற்ற பாத்திரங்களிடத்து அவர் விரும்பாத காமச்சொற்களைக் கூறுதல் ஆகிய இவை சுவை வேறுபாடும் அல்ல. விளையாட்டுக் குறும்பும் அல்ல. கதை கற்பனையாயினும் காதிற் புகுஞ் சொல் மெய்; அதனாற் சுடப்படும் நெஞ்சும் மெய். இவற்றின்கண் அந்நொடியே ஆட்டத்தை நிறுத்துதல் வேண்டும்; தனித்துப் பேசும் வரை காத்திருத்தல் தீங்குற்றாரைத் தனியே விடுதலாம்.

இனி, வந்தபின் தீர்த்தலினும் வருமுன் காத்தல் நன்று. அண்மைக் காலத்து இவ்விளையாட்டினர் அதற்குச் சில நல்வழக்கங்களைக் கண்டுள்ளனர். 2003ஆம் ஆண்டில் ரான் எட்வர்ட்ஸ் என்னும் ஆசிரியர் 'கோடு', 'திரை' என்னும் பொருள்படும் இரு சொற்களை வழங்கினார். கதையில் ஒருபோதும் வரலாகாதவை கோட்டிற்கு அப்பாற்பட்டன. வரலாமாயினும் விரித்துரைக்கலாகாதவை திரைக்குப் பின்னர் நிகழ்வன. 2010க்குப் பின்னர்ப் பரவிய மற்றொரு வழக்கம், பெருக்கற்குறி எழுதிய ஓர் அட்டையை மேசை நடுவில் வைத்தல். பொறுக்கலாகாத செய்தி வந்தவிடத்து எவரும் அதனைத் தொடலாம். தொட்டவரிடம் காரணங் கேளாது அச்செய்தியைக் கதையினின்று நீக்கிவிடுவர். கதை தொடங்குதற்கு முன்னர் ஒரு நாள் கூடி, எத்தகைய கதை வேண்டும், எப்போது கூடுவது, வாராதவர் எவ்வாறு அறிவிப்பது, தோழரிடத்துத் திருடுதலும் தோழரைக் கொல்லுதலும் உண்டோ இல்லையோ என்பனவற்றைப் பேசி முடித்தலும் ஒரு வழக்கம். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டிற்கென 2020ஆம் ஆண்டில் வெளிவந்த துணைநூல் ஒன்றும் இம்முதற்கூட்டத்தினை விளக்கிக் கூறுகின்றது. 1979இல் மின்னலையும் பூதத்தையும் காட்டிய மரபு, நாற்பதாண்டுகளில் உடன்பாட்டினைக் காட்டும் நிலைக்கு வந்தமை பெரிதும் பாராட்டத்தக்கது. ஆயினும் அட்டை பேசாது; உடன்படிக்கை தானே எழுந்து நில்லாது. உடன்பட்டதனை மீறியவனிடம், "இது நாம் உடன்பட்டதன்று" என்று கூறுதற்கு ஒரு மனிதர் வேண்டும்.

அம்மனிதர் நடுவரேயோ என்பர் சிலர். அன்று என்பேம். நடுவர் கதைக்குத் தலைவர். மேசைக்கு அவரும் ஐவருள் ஒருவரே. அவர் ஏற்கெனவே இடம் அமைத்து, குறிப்பெழுதி, பகைவரையும் நண்பரையும் தாமே பேசி உழைக்கின்றார். எல்லாப் பூசலையும் அவர்தாம் தீர்த்தல் வேண்டும் எனின், அவர் சோர்ந்து ஆட்டத்தையே கைவிடுவர். அன்றியும் நடுவரே குலைப்போராதலும் உண்டு: தாம் முன்னரே எழுதிவைத்த கதைவழியே எல்லாரையும் இழுத்துச் செல்லுதல், ஒருவர்க்கே எல்லாப் பெருமையும் அளித்தல், தம் மனத்திற்கினிய பாத்திரத்தைத் தாமே புகுத்தி ஏனையோரைப் பார்வையாளராக்குதல் முதலியன. அப்போது அவரிடம் பேசுவார் யாவர்? ஆதலின் இக்கடமை குழுவினர் அனைவர்க்கும் பொது. குலைப்போனிடம் நடுவர் பேசச் செல்லும்போது, பின்னின்று முணுமுணுத்தோர் முன்னின்று, "எமக்கும் அவ்வாறே தோன்றிற்று" என்று ஒரு சொல் துணைகூறுதல் வேண்டும். பலர்க்கும் உரிய குறையை ஒருவர் தலைமேல் வைத்து அனுப்புதல் ஆண்மையன்று.

"ஒரு விளையாட்டிற்கு இத்துணை ஆராய்ச்சியா?" என்று நகைப்பாரும் உளர். அவர்க்கு யாம் கூறுவது இது. ஐவர் நான்கு மணி நேரம் கூடுகின்றனர் எனின், இருபது மணி நேர மனிதவாழ்வு அம்மேசைமீது வைக்கப்படுகின்றது. பாடச்சுமையும் வீட்டுக்கவலையும் நீக்கி, வாரம் ஒருமுறை அவர் தமக்கென வைத்துக்கொண்ட பொழுது அது. அதனை ஒருவன் கவர்தல், கதைத்திருடன் கதைப்பொன்னைக் கவர்தல் போன்றதன்று, மெய்யான களவு. மேலும், இன்று ஐவர் மேசையிற் பேசக் கூசும் மாணவர், நாளை ஐம்பதின்மர் அலுவலகத்திலும், ஊர்ச்சங்கத்திலும், குடும்பத்திலும், உரத்துப் பேசுவோன் மெலியாரை அடக்கக் கண்டவிடத்துப் பேசத் துணிவர் என்று எதிர்பார்த்தல் யாங்ஙனம்? பெருந்துணிவுகள் சிறு மேசைகளிலேயே பழகப்படுகின்றன. ஆங்குத் தவறினும் இழப்பு சிறிது. பழகிய பழக்கமோ வாழ்நாள் முழுதும் உதவும்.

ஆதலின், மாணவ நண்பர்களே, அடுத்த முறை நீங்கள் பகடையும் தாளும் கொண்டு அமரும்போது, யார் மிகுதியாகப் பேசுகின்றனர் என்பதனை நோக்குதற்கு முன், யார் பேச்சை நிறுத்திவிட்டனர் என்பதனை நோக்குமின். அவர்பக்கம் திரும்பி, "உங்கள் பாத்திரம் இப்போது என்ன செய்கின்றது?" என்று கேண்மின். இடைமறிப்போன் இடைமறிப்பின், "அவர் முடிக்கட்டும்" என்று கூறுமின். இவ்விரு சொற்களுக்கு மின்னலும் வேண்டா, பூதமும் வேண்டா. இவற்றைத் தவறாது கூறும் குழுவில் எவரையும் விலக்கும் நாள் பெரும்பாலும் வாராது. வந்தவிடத்தும், அதனை நேர்மையுடனும் அன்புடனும் செய்தற்குரிய வலிமை அக்குழுவிற்கு இருக்கும்.